பாழூர்க் கணக்கு
(திருக்கடையூர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வந்திருக்கும் விஷயம் ஆளில்லாமற் போன ஊர்களைப் பற்றியதாகும். சண்டையாலும் கலகத்தாலும் குடிகள் விரட்டப்பட்டு, இடிந்த சுவரும் தூர்ந்த கிணறும் மாத்திரமே மிஞ்சி நிற்கும் ஊர்களை யார் கணக்கெடுத்து எழுதி வைப்பது, எதற்காக எழுதி வைப்பது என்பதே நமது பேச்சு. கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன் சில தோழர்கள் நம்மிடம் வந்து, "இதைப் பேசுவதற்குத் திருக்கடையூர்தானா அகப்பட்டது? நஞ்சை விளைகிற ஊரில் பாழூர்ப் பேச்சு எதற்கு?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயந்தான். அதற்குச் சமாதானம் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

இவ்வூருக்குத் தினந்தோறும் எங்கெங்கிருந்தோ கிழத் தம்பதிகள் வந்து அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொண்டு போகிறார்கள். மார்க்கண்டனுக்காக எமனை உதைத்த ஸ்தலம் என்று கதை சொல்லப்படுகிறபடியால் இவ்வளவு கூட்டம். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். இன்று நாம் அந்த வாதத்திற்கு வரவில்லை. நாம் கவனிப்பது வேறொன்று. தனி மனுஷன் ஒருவனுக்கு வயது அறுபது ஆகிறதென்றால் அவன் பிறந்த வருஷம், மாதம், நாள், நாழிகை இத்தனையும் குறித்த குறிப்பை எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறோம். ஆனால் நூற்றுக்கணக்கான வீடுகள் இருந்த ஊர் ஒன்று ஒரே ராத்திரியில் செத்துப்போனால், அது செத்த தேதியைக் குறித்து வைக்க நம்மிடம் ஒரு துண்டுக் கடுதாசி இருப்பதில்லை. கேட்டால் விதி என்கிறோம். அதற்கும் மேலே கேட்டால் சாபம் என்கிறோம்.

நமக்குச் சற்று வடக்கேயுள்ள காவிரிப்பூம்பட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசன் இந்திர விழாவை நடத்தத் தவறினான், தெய்வம் கோபித்தது, கடல் ஊரைக் கொண்டது என்று மணிமேகலை சொல்லுகிறது. கடல் கொண்டது உண்மையாகவே இருக்கட்டும். அந்தக் கடலுக்குப் பயந்து ஓடினவர்கள் எத்தனை குடும்பம், எந்தத் தெருக்காரர்கள், எங்கே போய்ப் பிழைத்தார்கள் என்பதற்கு ஒரு வரி உண்டா? கோபித்த தெய்வத்தின் பெயர் தெரிகிறது. வீடிழந்தவன் பெயர் தெரியவில்லை.

சரி, அது பழங்காலத்துச் சங்கதி. நமது பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலேயே சண்டையால் ஊர்கள் பாழான காலம் ஒன்று உண்டு. 1781இல் ஹைதர் அலியின் சைனியம் இந்தச் சீமைக்குள் புகுந்தது. கிழவர்கள் வாயில் வெகுகாலம் வரை 'ஹைதர் கலாபம்' என்று வழங்கிவந்தது அதுதான். மாடுகள் ஓட்டிக்கொண்டு போகப்பட்டன, பயிர் அழிக்கப்பட்டது, வாய்க்கால் வெட்ட ஆளில்லை, விளைச்சல் அதற்கு முந்தின வருஷத்தில் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. அப்போது தஞ்சையில் இருந்த ஷ்வார்ட்ஸ் என்ற பாதிரியார், இந்தச் சீமையிலிருந்து 12,000 குழந்தைகள் கொண்டுபோகப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தொகை சரியோ, கூடுதலோ, குறைவோ, அதை விட்டுவிடுவோம். 12,000 என்று எண்ணிக்கை வந்ததே, அதில் ஒரு குழந்தையின் பெயராவது வந்ததா? எந்த ஊர்ப் பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளை என்று வந்ததா? வரவில்லை.

அந்தப் பாதிரியார் சம்பந்தமாக இன்னொரு சங்கதியும் உண்டு. சண்டை நின்ற பிறகும் ஊர்கள் நிரம்பவில்லை. காரணம் ஹைதர் அல்ல. துளஜா ராஜாவின் சொந்த அதிகாரிகளே. அவர்கள் வாங்கின வரியும் அடித்த கொள்ளையும் பொறுக்கமாட்டாமல் மிஞ்சியிருந்த குடிகளும் ஊரைவிட்டு ஓடினார்கள். திரும்பி வாருங்கள், நியாயம் செய்கிறோம் என்று ராஜா சொல்லியனுப்பினபோது யாரும் நம்பவில்லை. கடைசியில் அந்தப் பாதிரியார் தன் பேரில் உறுதி எழுதிக் கொடுத்த பிறகு 7,000 பேர் திரும்பிவந்து நிலத்தில் கால் வைத்தார்களாம். பாதிரியார் என்பதற்காக நாம் இதை எடுத்துச் சொல்லவில்லை. ஊர் பாழாவதற்குப் பகைவனுடைய குதிரை மாத்திரம் காரணமல்ல, சொந்த சர்க்காரின் கணக்குப்பிள்ளையும் காரணமாகலாம் என்பதற்காகவே சொல்லுகிறோம். தவிரவும், ஓடினவனைத் திரும்ப அழைக்க வாய்ச்சொல் போதாது, எழுத்து வேண்டியிருந்தது என்பதையும் கவனியுங்கள்.

ரெவினியூ கணக்கில் இப்படிப்பட்ட ஊர்களுக்கு ஒரு பெயர் உண்டு. மணியக்காரர் குடும்பத்தில் பிறந்த தோழர்களுக்குத் தெரிந்திருக்கும். 'பேச்சிராக் கிராமம்' என்பார்கள். பார்சி பாஷையில் 'பே' என்றால் இல்லாதது. 'சிராக்' என்றால் விளக்கு. அதாவது விளக்கெரியாத ஊர். பெயர் வெகு அழகாகத்தான் இருக்கிறது! ஆனால் அந்த விளக்கை யார் அணைத்தது என்பதற்கு அந்தக் கணக்கில் கலம் கிடையாது. நிலத்துக்கு எண் உண்டு, பரப்பு உண்டு, தீர்வை உண்டு. ஆளுக்கு எதிரே வெறும் சைபர் இருக்கும்.

இனிக் கடலுக்கு அக்கரையில் நடந்ததைப் பார்ப்போம். அக்கரை என்று சொன்னாலும் நமது மீனவத் தோழர்களுக்கு அது தூரதேசமல்ல. தரங்கம்பாடி, சந்திரபாடி, சின்னங்குடி முதலிய நம் கரையூர்களில் யாரைக் கேட்டாலும் மயிலிட்டி என்ற பெயரைச் சொல்லுவார்கள். தமிழ்நாட்டு விசைப்படகுகள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் அவைகளில் பலவற்றைக் கொண்டுபோய்க் கட்டுவது யாழ்ப்பாணத்து வடகரையிலுள்ள அந்தத் துறைமுகத்தில்தான். நம் படகு கட்டிக் கிடக்கிற இடம் என்று மாத்திரமே நமக்கு அதைத் தெரியும். அந்த ஊர் 27 வருஷம் விளக்கில்லாமல் கிடந்த ஊர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1990 ஜூன் மாதத்தில் சண்டை மறுபடி மூண்டபோது மயிலிட்டி ஜனங்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் மாத்திரமல்ல. பலாலி, காங்கேசன்துறை, தையிட்டி என்று வலிகாமம் வடக்கு முழுவதும் ஊர் ஊராகக் காலியாயிற்று. பலாலி விமான நிலையத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றிலும் வேலி போட்டு, உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வைத்து, ராணுவம் உட்கார்ந்துகொண்டது. 1950 முதல் ஓடிக்கொண்டிருந்த காங்கேசன்துறைச் சிமெண்டு ஆலையும் அதோடு நின்றது. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்து வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர்கள், மல்லாகம் கோணப்புலம் முதலிய முகாம்களில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமும் செய்து வைத்தார்கள். மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சேர்ந்த 54 ஏக்கரும் 2017 ஜூலை 3ந் தேதிதான் விடப்பட்டன. வலிகாமம் வடக்கில் இன்னும் விடப்படாத நிலமும் உண்டு.

இதிலே ஒரு விசேஷத்தைக் கேளுங்கள். சண்டை 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது. நாலு வருஷம் கழித்து 2013 ஏப்ரலில் அந்தப் பக்கத்து மரங்களிலும் கம்பங்களிலும் ஒரு நோட்டீசு ஒட்டப்பட்டது. 6,381 ஏக்கரை ராணுவத்துக்காகச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது என்பது நோட்டீசின் சாரம். சொந்தக்காரர்கள் யார் என்று அடையாளம் தெரியவில்லை என்பது அதில் கண்ட சமாதானம். தோழர்களே! சொந்தக்காரர்கள் சந்திர மண்டலத்துக்கா போயிருந்தார்கள்? அதே பிரிவில், சில மைல் தூரத்தில், சர்க்காரே அரிசி அளந்து கொடுத்த முகாமில் உட்கார்ந்திருந்தார்கள். கிராம சேவகர் நோட்டில் அவர்கள் பெயர் இருந்தது. ரேஷன் பட்டியலில் இருந்தது. வோட்டர் ஜாபிதாவிலும் இருந்தது. அரிசி வாங்கும்போது அடையாளம் தெரிந்தவன் நிலம் கேட்கும்போது அடையாளம் தெரியாதவனாகிவிட்டான்! 2,000க்கு மேற்பட்ட நிலச் சொந்தக்காரர்கள் உறுதிகளோடு கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

இதனால்தான் நாம் சொல்லுகிறோம், பாழூருக்கு இரண்டு கொள்ளை உண்டு. முதற் கொள்ளை துப்பாக்கியோடு வருகிறது. இரண்டாவது கொள்ளை பேனாவோடு வருகிறது. முதலாவதை எதிர்த்து நிற்கக் குடியானவனால் முடியாமற் போகலாம். இரண்டாவதுக்கு எதிராக அவன் கையிலும் ஒரு பேனா இருக்கலாம் அல்லவா?

பேனாக் கொள்ளையில் பல தினுசு உண்டு. ஒரு தினுசு பெயரை மாற்றுவது. முல்லைத்தீவுப் பக்கத்தில் மணலாறு என்ற பிரதேசம். அங்கே டொலர் பண்ணை, கென்ட் பண்ணை என்று இரண்டு பண்ணைகள் இருந்தன. 1977 கலகத்தில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து ஓடிவந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே குடியேறின. 1984இல் அவர்கள் விரட்டப்பட்டார்கள். அந்த இடத்தில் சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வைத்தது சர்க்கார். அவ்வருஷம் நவம்பர் முடிவில் புலிகள் ராத்திரியில் புகுந்து அந்தக் கைதிகளையும் பெண்டு பிள்ளைகளையும் கொன்றார்கள். ஏழையைத் துரத்திவிட்டு வேறொரு ஏழையை அங்கே வைப்பது, வைக்கப்பட்டவனை இன்னொருவன் வந்து கொல்லுவது! பிறகு 1988இல் மணலாறு 'வெலி ஓயா' ஆயிற்று. வெலி என்றால் சிங்களத்தில் மணல். ஓயா என்றால் ஆறு. மொழிபெயர்ப்பில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் பழைய பெயரில் எழுதின உறுதியைக் கையில் வைத்திருக்கிறவன் புதுப் படத்தில் தன் ஊரைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மற்றொரு தினுசு, ஊரைக் காடென்று எழுதுவது. இதைச் சொல்லும்போது நம்மவர் சிலருக்குக் கசப்பாயிருக்கும். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். 1990 அக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம்களை எல்லாம் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு மணி நேரம் தவணை கொடுக்கப்பட்டது. 70,000க்கு மேற்பட்ட ஜனங்கள், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்தவர்கள், கட்டின துணியோடு போனார்கள். பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். மன்னார் முசலிப் பக்கத்து அவர்களுடைய ஊர்கள் இருபது வருஷத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்ததில் முற்றத்தில் முள் முளைத்தது, வீட்டுக்குள் மரம் வளர்ந்தது. திரும்பி வந்து வெட்டித் திருத்தப் போனால், இது 2012இல் வனமாக அறிவிக்கப்பட்ட இடம், நீ காட்டை அழிக்கிறாய் என்று சொல்லப்பட்டார்கள். 2017இல் மறுபடியும் ஒரு வன அறிவிப்பு வந்தது. காட்டைக் காப்பாற்ற வேண்டியதுதான். வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அந்தக் காட்டுக்கு வயது இருபத்திச் சொச்சம், அதற்குக் கீழே இருக்கிற கிணற்றுக்கு வயது நூறு என்றால் எது முந்தி வந்தது? தமிழர் ஊர் காலியானால் அக்கிரமம், முஸ்லிம் ஊர் காலியானால் யுத்த தந்திரம் என்று பேசுகிறவன் பாழூர்க் கணக்கு எழுத யோக்கியதை உள்ளவனல்ல. கணக்கென்றால் இரு பக்கத்து வரவு செலவும் இருக்க வேண்டும்.

அதே நியாயத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். மயிலிட்டிக்குத் திரும்பி வந்த மீனவர்கள் இப்போது முறையிடுவது எதைப் பற்றி என்றால், நம் கரையிலிருந்து போகும் இழுவைமடிப் படகுகள் தங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன என்பதைப் பற்றியும்தான். கூலிக்கு அந்தப் படகில் ஏறுகிற தோழர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் 27 வருஷம் கழித்து வீடு திரும்பினவன் வயிற்றில் அடிக்கிற காரியம் எந்தக் கரையிலிருந்து புறப்பட்டாலும் ஒன்றுதான்.

இப்பொழுது அவசரம் என்னவென்று கேட்பீர்கள். இலங்கைச் சட்டப்படி ஒருவன் அடுத்தவன் நிலத்தைத் தடையில்லாமல் 10 வருஷம் அனுபவித்துவிட்டால் அவனுக்குப் பாத்தியம் வந்துவிடும். சண்டைக்குப் பயந்து ஓடினவன் எப்படித் தடை சொல்லுவான் என்று யோசித்து, 2016இல் ஒரு விசேஷ சட்டம் போட்டார்கள்: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை சண்டை காரணமாகத் தன் உரிமையைக் கேட்க முடியாமலிருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று. நல்ல சட்டந்தான். ஆனால் வழக்குப் போட அதில் வைத்த தவணை இரண்டே வருஷம். தகரக் கொட்டகையில் கிடக்கிறவனுக்குச் சட்டம் வந்ததே தெரிவதற்குள் தவணை முடிந்திருக்கும்.

அதன் பிறகு 2025 மார்ச்சு 28ந் தேதி ஒரு வர்த்தமானி அறிவிப்பு வந்தது. வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கருக்கு யார் யார் பாத்தியஸ்தர்களோ அவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து காட்ட வேண்டும். இல்லையேல் சர்க்கார் நிலம் என்று தீர்மானிக்கப்படும் என்றார்கள். மூன்று மாதம்! சொந்தக்காரரில் ஒருவன் கனடாவில் இருக்கிறான், ஒருவன் பிரான்சில் இருக்கிறான், ஒருத்தி நமது தமிழ்நாட்டு அகதி முகாமில் இருக்கிறாள், ஒருவன் 2009இல் எங்கே போனான் என்றே தெரியவில்லை. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள்; வழக்குப் போட்டார்கள்; ஜூன் 27ந் தேதி உச்ச நீதிமன்றம் தடை விதித்தது; சர்க்காரும் அந்த அறிவிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இந்தத் தடவை தப்பியது. அடுத்த தடவை ஒரு நோட்டீசு வந்தால் மூன்று மாதத்துக்குள் எடுத்துக் காட்டக் கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. குடியில்லா வீட்டில் குண்டுப் பெருச்சாளி உலாவும் என்பது பழமொழி. பெருச்சாளி தவணை கொடுத்துவிட்டா வருகிறது?

இப்படி எழுதி வைத்து என்ன பலன் கண்டார்கள் என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு உதாரணம். 1948 சண்டையில் பாலஸ்தீனத்தில் நூற்றுக்கணக்கான அரபுக் கிராமங்கள் காலியாயின. பெரும்பாலானவற்றை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சிலவற்றின் மேல் காடு வைத்தார்கள். அங்கே ஊரே இருந்ததில்லை என்று சொல்லத் தலைப்பட்டார்கள். வாலித் காலிதி என்ற சரித்திர ஆசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் ஊர் ஊராக ஆராய்ந்து 1992இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். 418 கிராமங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், இருந்த இடம், ஜனத்தொகை, நிலப் பரப்பு, எந்தத் தேதியில் எந்தப் படை வந்தது, இப்போது அங்கே என்ன மிச்சமிருக்கிறது என்ற விவரம். அதற்கு அவர்களுக்குப் பெரிய ஆதாரமாக உதவியவைகளில் ஒன்று என்ன தெரியுமா? வெள்ளைக்காரன் 1945இல் தயாரித்த கிராமக் கணக்கு. எந்த உணர்ச்சியும் இல்லாத உலர்ந்த ஜாபிதா. அது பிற்பாடு சாட்சி சொல்லிற்று. அந்தப் புத்தகத்தால் ஒருவனுக்காவது நிலம் திரும்பக் கிடைத்ததா என்றால், இல்லை. ஆனால் ஊரே இருந்ததில்லை என்று துணிந்து பொய் சொல்லுவது அதற்குப் பிறகு கஷ்டமாகிவிட்டது. பொய்யனுக்குக் கஷ்டம் கொடுப்பதும் ஒரு காரியந்தானே!

யாழ்ப்பாணத்தாருக்கு இந்த வகையில் கொஞ்சம் சௌகரியம் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலேயே நிலங்களைப் பெயர் பெயராகத் தோம்பு என்ற புஸ்தகத்தில் பதிந்தார்கள். அங்கே ஒவ்வொரு காணித் துண்டுக்கும் பெயர் உண்டு. உறுதி எழுதும்போது எல்லை மாத்திரமல்ல, கிணற்றில் எத்தனை பங்கு, எந்த வழியாய் நடக்கலாம், வாய்க்கால் எப்படிப் போகிறது என்பதெல்லாம் எழுதுவார்கள். வன்னிப் பக்கத்திலோ பலருக்கு உறுதி கிடையாது. 1935 சட்டப்படி கொடுத்த அனுமதிப் பத்திரந்தான். அதுவும் புருஷன் பெயரில் இருக்கும். புருஷன் காணாமற் போனவன்; செத்தானென்று எழுதிக்கொள்ள மனைவிக்கு மனம் வரவில்லை; எழுதாவிட்டால் நிலம் அவள் பெயருக்கு வராது. வாரிசு வரிசையிலும் 2022இல் திருத்தம் வரும் வரை ஆண் பிள்ளைக்குத்தான் முதலிடம். பாழூரிலும் பெண்ணுக்குப் பங்கு குறைச்சல்தான்.

ஆனால் நமக்கு உண்மையான விசாரம் இனிமேல் சொல்லப் போவதில்தான் இருக்கிறது. வலிகாமம் வடக்கு முகாம்களில் கடைசி வரையில் மிஞ்சிக் கிடந்தவர்கள் யார்? ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்: பெரும்பாலும் சொந்தக் காணியில்லாதவர்கள், அதுவும் ஒடுக்கப்பட்ட ஜாதியார். காசு உள்ளவன் கொழும்புக்குப் போனான். அதைவிட அதிகம் உள்ளவன் லண்டனுக்குப் போனான். உறுதி உள்ளவன் நிலம் விட்டதும் வேலி போட்டான். வேறொருவன் காணியில் குடிசை கட்டிக் கூலி வேலை செய்தவனுக்கு, நிலம் விடுவிக்கப்பட்ட செய்தி சந்தோஷச் செய்தியா? "உன் ஊர் திறந்தாயிற்று, போ" என்று சொல்லி முகாமை மூடப் பார்த்தால் அவன் போவதற்கு ஊரில் எந்த இடம் இருக்கிறது? அந்த ஊரின் கிணற்றில் ஒரு காலத்தில் அவனைத் தண்ணீர் மொள்ள விட்டதே இல்லை. இந்த லட்சணத்தில் யாராவது ஒரு படித்த கனவான் வந்து, மறைந்த நம் கிராமம் என்று நினைவுப் புத்தகம் போட்டால் அதில் என்ன இருக்கும்? கோயில் இருக்கும், தேர் இருக்கும், கல்லூரி வைத்த தர்மப் பிரபுவின் படம் இருக்கும், முதலியார் வீட்டு நாற்சார் முற்றம் இருக்கும். பனை ஏறினவன் குடிசை அதில் இருக்காது. முதலில் அவனை ஊருக்கு வெளியே வைத்தார்கள். பிறகு புத்தகத்துக்கும் வெளியே வைக்கிறார்கள்.

ஆதலால் பாழூரை எழுதப் போகிறவர்கள் ஊரின் கடைசித் தெருவிலிருந்து ஆரம்பித்து எழுதவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். உறுதி இருக்கிறவனுக்கு உறுதி பேசும். இல்லாதவனுக்குத்தான் எழுத்து அவசரம். அந்த ஊரில் நடந்த கிழவர், கிழவிகள் மூன்று பேரைச் சேர்த்து உட்காரவைத்து, நடையாய் நடப்பதுபோல் வீடு வீடாகச் சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். யார் நிலம் என்பதோடு, யார் அதில் உழுதான், யார் அதில் குடிசை போட்டிருந்தான், எத்தனை வருஷமாக என்பதையும் எழுதுங்கள். எந்தக் கிணற்றில் யார் குடித்தார்கள், யாரைக் குடிக்க விடவில்லை என்பது கட்டாயம் வேண்டும். சுடுகாட்டுக்குப் போன வழி இருக்கிறதே, அது இரண்டு வழியாக இருந்திருக்கும், இரண்டையும் குறியுங்கள். ஊரை விட்ட நாள், யார் போகச் சொன்னார்கள், கையில் எதை எடுத்தார்கள், எதைப் புதைத்தார்கள், திரும்பிப் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் என்ன கட்டியிருந்தது, எல்லாம் வேண்டும். தையிட்டியில் ஜனங்களுடைய சொந்தக் காணியில் பெரிய விகாரை ஒன்று எழுந்து நிற்கிறது. அது கோயிலாயிருந்தாலும் மாதாகோயிலாயிருந்தாலும் பள்ளிவாசலாயிருந்தாலும் நாம் இதே கேள்வியைத்தான் கேட்போம்: கீழே யார் வீடு? இந்தக் காலத்தில் கையடக்கப் போனிலேயே படம் பிடிக்கலாம், குரலைப் பதியலாம். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் கூரையில்லாத வீட்டின் அஸ்திவாரம் கூடத் தெரிகிறது. ஆனால் அந்த அஸ்திவாரத்தில் யார் படுத்துத் தூங்கினார்கள் என்பதை ஆகாயம் சொல்லாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் வாசலைப் பாராமல் போனால் நாமும் அந்தக் கனவானைப் போலத்தான். இந்தச் சீமையில் பண்ணையாள் சேரிகள் எத்தனை இடம் மாறியிருக்கின்றன! குடிசை இருந்த மனை மிராசுதாருடையது. கோபம் வந்தால் பிடுங்கி எறிவான். பொறுக்கமாட்டாமல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் எத்தனை! 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனை அதில் குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்னே பிடுங்கப்பட்ட சேரிகளுக்கு எந்தக் கணக்கும் இல்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேர் எரிக்கப்பட்டதால் அந்தச் சேரியின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. எரிக்காமல் விரட்ட மாத்திரம் செய்யப்பட்ட சேரிகளின் பெயர் பக்கத்து ஊருக்கே மறந்துவிட்டது. 2004 டிசம்பர் 26ந் தேதி கடல் நம் கரைக்குள் புகுந்ததே, அதற்குப் பிறகு நிவாரணம் கொடுத்தபோது என்ன நடந்தது? நாகப்பட்டினம் ஜில்லாவில் தாழ்த்தப்பட்டவர்களும் இருளர்களும் பட்டியலில் பெயரில்லை என்று வரிசையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்களா இல்லையா? இந்தக் கூட்டத்திலேயே அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

அதனால் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். இந்த மேஜைமேல் இரண்டு கட்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று அக்கரையிலிருந்து வந்து இங்கே உறவுமுறையோடு தங்கியிருக்கிறவர்களுக்காக. மற்றொன்று நம் பக்கத்தில் முன்னே இருந்து இப்போது இல்லாமற்போன சேரி, குப்பம், தெரு எதுவாயிருந்தாலும் அதைப் பற்றித் தெரிந்தவர்களுக்காக. பழைய கிஸ்து ரசீது, ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட், கல்யாணப் பத்திரிகை எது இருந்தாலும் கொண்டுவாருங்கள்; பார்த்துக் குறித்துக்கொண்டு உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒன்றும் இல்லாவிட்டால் வாயால் சொன்னால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்காக எழுதிக் கொடுக்க இரண்டு வாலிபர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கிழவிகள் முன்னால் வரவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.